ஊர்க்கோயிலின் கோடைக்காலம்: இங்கிலாந்துக்கு வந்த தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மே பிறந்துவிட்டால் இங்கிலாந்து ஊர்க்கோயில்களின், அதாவது கிறிஸ்தவ தேவாலயங்களின், முகமண்டபத்துப் பலகையில் இடம் போதாது. யாருக்குக் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள், தேநீர் விருந்து என்றைக்கு, மணியடிக்க ஆள் தேவை, ஆகஸ்டில் எட்டு மணி ஆராதனை கிடையாது, புல் வளரட்டும் விடுங்கள் என்று காகிதத்தின்மேல் காகிதமாகக் குத்தி வைத்திருப்பார்கள். புதிதாகக் குடியேறிய நம்மவர்களுக்கு அதில் பாதி புரியாது. திருநெல்வேலிச் சபையில் வளர்ந்து, இங்கே ஓர் ஊர்க்கோயிலின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கும் ஆள் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. கிறிஸ்தவர்கள் மட்டும் கேட்பதில்லை என்பதால் எல்லாருக்குமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் பழைய கல் கோயில் ஒன்று இருக்கிறது. நாங்கள் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. உள்ளே போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆங்கிலிக்கன் மரபின் தாய்வீடான இங்கிலாந்துத் திருச்சபை, நாடு முழுவதையும் இண்டு இடுக்கு விடாமல் எல்லை போட்டுப் பங்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஐரோப்பாவுக்கான ஒன்றையும் சேர்த்து 42 திருமண்டலங்கள் (பேராயர் ஒருவரின் பொறுப்பில் உள்ள பகுதிகள்), ஏறத்தாழ 12,500 பங்குகள், 16,000 கோயில்கள். நீங்கள் எந்த அடுக்குமாடியில் குடியிருந்தாலும் ஏதோ ஒரு பங்கின் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். நம் ஊரில் சபையார் என்றால் பெயர் எழுதிக்கொண்டு சங்கக் காணிக்கை கட்டும் குடும்பங்கள். இங்கே எல்லைக்குள் வசிக்கிற ஒவ்வொருவரும் அந்தக் குருவானவரின் பொறுப்பு. ஞாயிறு ஆராதனைக்கு ஒருநாளும் வராதவர்கூட அதை ‘எங்கள் கோயில்’ என்றுதான் சொல்வார். கூரை ஒழுகினால் முதலில் கடிதம் எழுதுபவரும் அவராகவே இருப்பார்.

கோடையில் பெரும்பாலான கோயில்கள் பகலில் திறந்திருக்கும். தலையை மூட வேண்டாம், செருப்பைக் கழற்ற வேண்டாம். வெளியே 30 டிகிரி அடித்தாலும் உள்ளே கல்லின் குளிர்ச்சி இருக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒரு மெல்லிய சட்டை கொண்டுபோவது நல்லது.

பங்கு வார்டன் தேர்தலில் எனக்கு ஓட்டு உண்டு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். கேலி செய்கிறாரா?

இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார். ஆண்டுதோறும் மே 31-க்குள் இரண்டு கூட்டங்கள் அடுத்தடுத்து நடக்கும். முதலாவது பங்குவாசிகள் கூட்டம். கோயிலைப் பராமரிக்கும் இரண்டு வார்டன்களைத் தேர்ந்தெடுப்பது அங்கேதான். கோயிலின் சொந்த வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள் அதில் ஓட்டுப் போடலாம். அந்த எல்லைக்குள் குடியிருந்து நகராட்சித் தேர்தல் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களும் போடலாம். மதம் கேட்க மாட்டார்கள். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், முறையான விசாவில் இங்கே வசிப்பவர்கள் நகராட்சிப் பட்டியலில் பெயர் சேர்க்க முடியும். ஆக, மதுரையிலிருந்து போன வருடம் வந்த ஒரு சைவக் குடும்பத்துக்கும் வார்டன் தேர்தலில் ஓட்டு உண்டு. வார்டனாக நிற்பதற்குத்தான் ஞானஸ்நானம் பெற்றவராகவும் திருவிருந்தில் (அப்பமும் திராட்சை ரசமும் பெறும் ஆராதனையில்) பங்குகொள்பவராகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது கூட்டத்தில் பி.சி.சி. எனப்படும் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குக் கோயில் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதுவார்கள். கடைசியாக 2025-இல் எழுதினார்கள்.

தேர்தல் என்றதும் நம் திருமண்டலத் தேர்தல்களை நினைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். அணி, சுவரொட்டி, வழக்கு, தடையாணை எதுவும் இருக்காது. இங்கே கவலை வேறு வகை: நிற்கவே ஆள் கிடைக்காது. கோயில் தட்டுமுட்டுச் சாமான்கள் சட்டப்படி வார்டன்களின் பேரில் இருக்கின்றன. ஆராதனையில் ஒழுங்கு காப்பது அவர்கள் கடமை. கூரை, வடிகால், காப்புறுதி, கணக்கு எல்லாம் அவர்கள் தலையில் விழும். சம்பளம் கிடையாது. கோடை முடிவதற்குள், பேராயருக்கு அடுத்த நிலையில் உள்ள ஆர்ச்டீக்கன் என்ற குருவின் முன்னிலையில் பதவி ஏற்க வேண்டும். கோடையில் ‘வார்டன்கள் பதவியேற்பு’ என்று ஓர் அறிவிப்பைப் பார்த்தால் விஷயம் இதுதான்.

ஆகஸ்டில் ஆராதனை நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஒரு ஞாயிறு கதவே பூட்டியிருந்தது. ஏன்?

குருவானவர் ஒருவர், கோயில்கள் பல. கிராமப்புறங்களில் ஒரே விகார், அதாவது பங்குக் குருவானவர், ஐந்தாறு கோயில்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நம் ஊரில் ஐயர் என்று அழைக்கப்படும் சேகரத்துக் குருவானவர் கிளைச் சபைகளுக்குச் சுற்றி வருவதைப் போலத்தான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் சபையைக் கவனித்துக்கொள்ள ஓர் உபதேசியார் இருக்கிற வசதி இங்கே கிடையாது. உரிமம் பெற்ற ரீடர்கள் என்று சபையார் சிலர் உண்டு. அவர்கள் காலை ஜெபம் நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம், திருவிருந்து நடத்த முடியாது. எல்லாக் கோயிலிலும் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை நடந்தாக வேண்டும் என்ற பதினேழாம் நூற்றாண்டு விதியை 2019-இல் திருச்சபையின் சட்டமன்றமான பொதுப் பேரவை தளர்த்தியது. நடைமுறை எப்போதோ மாறிவிட்டது, சட்டம்தான் பின்னால் நடந்து வந்தது.

ஜூலைக் கடைசியில் பள்ளிகள் மூடும்போது பாடகர் குழுவும் ஓய்வுக்குப் போகும், ஓய்வுநாள் பாடசாலையும் நிற்கும். செப்டம்பரில்தான் திரும்புவார்கள். மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் எல்லா ஊரும் ஒரே கோயிலில் கூடுவதும் உண்டு. பலகையைப் பாருங்கள், அல்லது ‘A Church Near You’ என்று தேடினால் கிடைக்கும் திருச்சபையின் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சி.எஸ்.ஐ. சபையில் திடப்படுத்தல் பெற்றவள் நான். திருவிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம். சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் முழு உறுப்பு. திரித்துவத்தை அறிக்கையிடும் மற்றச் சபைகளில் திருவிருந்து எடுப்பவர்களையும் வரவேற்கிறார்கள். அப்பம் கொடுக்கையில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டினால் போதும். ஆசீர்வாதம் மட்டும் வேண்டுமென்றால் கையை நீட்டாமல் தலையைக் குனிந்துகொள்ளுங்கள், புரிந்துகொள்வார்கள்.

எங்கள் விகார் ஈஸ்டர் முடிந்ததும் போய்விட்டார். புதியவர் எப்போது வருவார்?

சீக்கிரம் வர மாட்டார். நம் ஊரில் மாற்றல் ஆணை வந்தால் மறுமாதம் புதிய ஐயர் பெட்டியோடு வந்து இறங்கிவிடுவார். இங்கே இடமாற்றம் செய்வதில்லை, விளம்பரம் செய்து நேர்காணல் வைக்கிறார்கள். பங்கு தன்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுத வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு கடன், எப்படிப்பட்ட குருவானவர் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். நியமன உரிமை சில இடங்களில் பேராயரிடம், சில இடங்களில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றிடம், இன்னும் சில இடங்களில் பரம்பரையாக ஒரு நிலக்கிழார் குடும்பத்திடம் இருக்கும். பங்கின் பிரதிநிதிகள் இருவர் ‘வேண்டாம்’ என்று சொல்லவும் உரிமை உண்டு. இதெல்லாம் முடியப் பல மாதங்கள் ஆகும். அதுவரை வார்டன்களும் பக்கத்து ஊர்க் குருமாரும் ஓய்வுபெற்ற குருமாரும் சமாளிப்பார்கள். ஓய்வுபெற்றவர்கள் மட்டும் இல்லையென்றால் இங்கிலாந்தின் பாதிக் கோயில்களில் ஆகஸ்டில் திருவிருந்து நடக்காது என்பது என் எண்ணம்.

ஜூன் கடைசியில், பேதுரு திருநாளான 29-ஐ ஒட்டி, பேராலயங்களில் குருப்பட்டம் கொடுப்பார்கள். ஜூலையில் உங்கள் கோயிலில் புதிய இளம் முகம் ஒன்று தெரிந்தால் அவர் உதவிகுரு. முதலாண்டு டீக்கனாக இருப்பார், அதனால் திருவிருந்தை நடத்த மாட்டார். அடுத்த கோடையில்தான் முழுக் குரு ஆவார். இளம் முகம் என்றேனே தவிர, வேறு வேலை பார்த்துவிட்டு ஐம்பது வயதில் குருப்பட்டம் பெறுகிறவர்கள் நிறையப் பேர். 2025 அக்டோபரில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரிப் பேராயராக அறிவிக்கப்பட்ட சாரா முல்லல்லியும் நர்ஸாக இருந்து குருவானவர்தான். அந்தப் பதவிக்கு ஒரு பெண் தேர்வானது அதுவே முதல் முறை.

கோடை விழா என்றால் என்ன நடக்கும்? போனால் என்ன செய்ய வேண்டும்?

சனிக்கிழமை பிற்பகல், விகார் வீட்டுத் தோட்டத்திலோ ஊர்ப் பொதுப் புல்வெளியிலோ நடக்கும். முக்கோணக் கொடித் தோரணம் கட்டுவார்கள். அதன் கயிறு போன வருடம் சுருட்டி வைத்தபோதே சிக்கியிருக்கும், காலையில் இரண்டு பேர் அதைப் பிரிப்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். கேக் மேசை, செடி விற்பனை, பழைய புத்தகம், வீட்டில் வேண்டாத பொருள்கள், குலுக்கல் சீட்டு, கேக்கின் எடையைச் சொன்னால் கேக் உங்களுக்கு. குழாயின் வழியே விழும் துணி எலியைத் தரையைத் தொடும் முன் கட்டையால் அடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு, யாராலும் அடிக்க முடியாது.

தேங்காயைக் கம்பத்தின்மேல் உட்கார வைத்து மரப்பந்தால் எறிந்து வீழ்த்தும் பந்தலில் மட்டும் நம்மவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறார்கள். சிதறுகாய் உடைத்த கை சும்மா இருக்குமா? விழுந்த காயை எடுத்துக்கொண்டு போகலாம். பெரும்பாலும் முற்றிக் காய்ந்திருக்கும், சட்னிக்கு ஆகாது.

கோயில் செலவுக்குக் கொண்டாட்டம் நடத்துவது பழைய பழக்கம். இடைக்காலத்தில் பெந்தெகொஸ்தேயை ஒட்டிக் கோயில் நிர்வாகமே பீர் காய்ச்சி ஊருக்கு விற்று, அந்தக் காசில் கூரையைப் பழுது பார்த்தது. பிற்பாடு தூய்மைவாதிகள் அதற்கு எதிராகக் கொதித்தெழுந்தார்கள். இப்போது மது விற்க வேண்டுமென்றால் பத்து வேலை நாள்களுக்கு முன்பே உள்ளூராட்சிக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்புக் கொடுத்து 21 பவுண்டு கட்ட வேண்டும், கூட்டம் 499 பேரைத் தாண்டக் கூடாது. குலுக்கல் சீட்டு விழாவின் ஓர் அங்கமாக அங்கேயே விற்கப்பட்டால் உரிமம் தேவையில்லை.

வருகிறவர்கள் சில்லறை கொண்டு வாருங்கள். செடி மேசைக்கு முதலில் போங்கள். தக்காளி நாற்று அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அங்கே சமோசாவோ வடையோ செய்து கொடுக்கலாமா?

கொடுங்கள், கேக்கைவிட வேகமாக விற்கும். ஒரே நிபந்தனை: எதில் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். கோதுமை, பால், முட்டை, எள், கடுகு, நிலக்கடலை, முந்திரி எல்லாம் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கின்றன. நாம் கடுகு தாளிப்பதைச் சொல்ல மறந்துவிடுவோம். நமக்குக் காரமே இல்லை என்று தோன்றுவதைக் ‘காரம்’ என்றே எழுதுங்கள். மைதானத்தின் நடுவில் ஒரு முதியவர் தண்ணீர் தேடி ஓடுவதைப் பார்க்க வேண்டியிருக்காது.

ஜூலை 15 மழை பெய்தால் நாற்பது நாள் பெய்யும் என்கிறார்களே?

அது புனித ஸ்விதனின் நாள். ஒன்பதாம் நூற்றாண்டில் வின்செஸ்டர் பேராயராக இருந்தவர். மழை விழும் வெளியில்தான் புதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். 971-இல் ஜூலை 15 அன்று எலும்புகளை எடுத்து உள்ளே வைத்ததும் மழை கொட்டியது என்பது கதை. வானிலை ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை. விழாக் குழுவினர் மட்டும் அன்று காலை ஜன்னலைத் திறந்து பார்ப்பதை நிறுத்தவில்லை.

எங்கள் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அந்த அழகான கோயிலில் கல்யாணம் வைக்க முடியுமா?

முடியும், ஆனால் அழகு மட்டும் காரணமாகாது. எல்லைக்குள் குடியிருந்தால் உரிமை தானாக வந்துவிடும். வேறு ஊர்க் கோயில் என்றால், 2008-இல் வந்த திருமணச் சட்டவிதிப்படி அந்தப் பங்கோடு ஒரு தொடர்பு காட்ட வேண்டும். மணமக்களில் ஒருவர் அங்கே ஞானஸ்நானமோ திடப்படுத்தலோ பெற்றிருக்கலாம், ஆறு மாதம் குடியிருந்திருக்கலாம், ஆறு மாதம் ஆராதனைக்கு ஒழுங்காக வந்திருக்கலாம். பெற்றோர் அங்கே வசித்திருந்தாலும், பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே மணம் முடித்திருந்தாலும் ஏற்பார்கள். ஆறு மாதம் ஆராதனைக்கு வருவது என்பதைப் பலர் கல்யாணத்துக்கு ஏழு மாதம் முன்பு ஆரம்பிக்கிறார்கள். குருமார் அதைத் தெரிந்துகொண்டே புன்னகையோடு வரவேற்கிறார்கள். சிலர் கல்யாணத்துக்குப் பிறகும் வருகிறார்கள்.

ஓலை வாசிப்பு, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று ஆராதனையில் அறிவிப்பது, நம் ஊரைப் போலவேதான். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மணமகன், மணமகள் குடியிருக்கும் பங்குகளிலும், மணம் நடக்கும் கோயிலிலும் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்த மூன்று மாதத்துக்குள் மணம் நடக்க வேண்டும், தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. ‘தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்’ என்றதும் கோயிலில் ஒரு சிறிய நிசப்தம் விழும். எல்லாரும் கதவைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவார்கள். எந்தக் கிழமையானாலும் நேரம் காலை எட்டு முதல் மாலை ஆறு வரைதான், இரவு முகூர்த்தம் கிடையாது.

நம் குடும்பங்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று: மாப்பிள்ளையோ பெண்ணோ பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களாக இல்லையென்றால் பெரும்பாலும் ஓலை செல்லாது. இருவரும் பதிவு அலுவலகத்தில் நேரில் அறிவிப்புக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அதற்கான காத்திருப்பு சில வாரங்கள், விசா நிலையைப் பொறுத்து அதிகமாகவும் ஆகலாம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் குருவானவரிடம் கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். 2023 பிப்ரவரி முதல் மணவயது இருவருக்கும் 18. 2021 மே முதல் மணச் சான்றில் தாய்மார் பெயரும் இடம்பெறுகிறது. அதுவரை தந்தை பெயர் மட்டும் இருந்தது என்பதை என் மாமியார் இன்றும் நம்பவில்லை.

வாரம் ஒரு மாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் மணி அடிக்கிறார்கள். ராகமும் இல்லை, நிற்கவும் இல்லை. என்ன அது?

பயிற்சி. இங்கே மணிகள் ஒரு முழுச் சுற்றுச் சுழலும்படி சக்கரத்தில் மாட்டப்பட்டிருக்கும். கயிற்றுக்கு ஓர் ஆள். அவ்வளவு கனமான மணியால் விரைவாக ராகம் வாசிக்க முடியாது. அதனால் வரிசையை மாற்றி மாற்றி அடிக்கும் கணக்கு விளையாட்டாக அது வளர்ந்தது. ஏழு மணிகளை எத்தனை வரிசைகளில் அடிக்கலாம்? ஒன்றையும் திரும்ப அடிக்காமல் 5,040. அத்தனையையும் இடைவிடாமல் அடித்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். எழுதி வைத்துப் பார்க்கக் கூடாது, எல்லாம் மனப்பாடம். கோடையில் மணியடிப்போர் ஒரு நாள் சுற்றுலாவாகக் கிளம்பி ஊர் ஊராகக் கோபுரம் ஏறி அடித்துவிட்டு வருவார்கள். தாளக் கணக்கில் ஊறிய வீட்டுப் பிள்ளைகள் இதில் சீக்கிரம் தேறுவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கற்றுக்கொள்ளக் கட்டணம் இல்லை, விசுவாசமும் கேட்பதில்லை. கீழே நின்று ‘ஆள் வேண்டுமா?’ என்றால் அன்றே கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் புல் இடுப்பளவு நிற்கிறது. ஆளில்லையா, அக்கறையில்லையா?

இந்த ஒரு விஷயத்துக்குத்தான் கோடையில் அதிகக் கடிதங்கள் வருகின்றன. இரண்டு தரப்பிலும் நியாயம் இருப்பதால் தீர்வதும் இல்லை.

பழைய கோயில் வளாகங்கள் பல நூற்றாண்டுகளாக உழப்படாத நிலம். சுற்றிலும் வயலெல்லாம் மருந்தடித்து மாறிவிட்ட பிறகு பழைய புல்வெளிப் பூக்கள் ஒதுங்கியிருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால் பல கோயில்கள் ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்து, பூத்து விதை விழுந்த பிறகு ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ அறுக்கின்றன. அறுத்த புல்லை வாரி வெளியேற்ற வேண்டும். அங்கேயே விட்டால் மண்ணுக்கு உரமாகி, பூவை அமுக்கிவிட்டுப் புல்லும் காஞ்சொறியும் கிளம்பும். பாதையோரமும் புதிய கல்லறைகளும் வெட்டியே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. போன வருடம் தாயைப் புதைத்த ஒரு மகளிடம் போய்ப் பட்டாம்பூச்சியைப் பற்றிப் பேசக் கூடாது.

ஆளில்லை என்பதும் உண்மைதான். வாடகைக்கு வெட்ட ஆள் வைத்தால் வருடத்துக்கு ஆகும் செலவு சிறிய சபையின் முதுகை ஒடிக்கும். எந்தச் சனிக்கிழமை என்று கேட்டு ஒரு வாருகோலோடு போய் நின்றுபாருங்கள். அந்த வருடம் முழுக்க உங்கள் பெயரை யாரும் மறக்க மாட்டார்கள்.

அடக்கம் பற்றியும் ஒரு சொல். எல்லைக்குள் வசிப்பவர்களுக்கு, வளாகத்தில் இடம் இருந்தால், மதம் பாராமல் அடக்க உரிமை உண்டு. ஆனால் கல்லறைக் கல்லுக்கு விதிமுறை கடுமை. நம்மவர்கள் விரும்பும் பளபளக்கும் கறுப்புக் கிரானைட், அதில் பதித்த புகைப்படம், வண்ணக் கண்ணாடிச் சில்லு இவற்றைப் பல திருமண்டலங்கள் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. கல்லுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். துக்கத்தின் நடுவே கல்லைத் திருப்பி எடுக்கச் சொல்வது போன்ற கொடுமை வேறில்லை.

பீடத்தின்மேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறார்கள். பெயின்ட் அடிக்கிறார்களா?

மேலே வௌவால் இருக்கிறது. கோடையில் பெண் வௌவால்கள் கூட்டமாகக் கூடிக் குட்டி போடும். பழைய கோயில்களின் உத்திர இடுக்கு அவற்றுக்கு மிகப் பிடித்த பிரசவ அறை. எச்சத்தைப் பெருக்கிவிடலாம். சிறுநீர்தான் தொல்லை: பித்தளைத் தகட்டில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். ஞாயிறு காலை ஒருவர் சீக்கிரம் வந்து விரிப்பை நான்கு மூலையும் சேர்த்து மடித்து, வெளியே கொண்டுபோய் உதறி, பிறகு பீடத்துணியை விரிப்பார். ஜூன், ஜூலை முழுக்க இது நடக்கும்.

விரட்ட முடியாது. எல்லா வௌவால் இனங்களுக்கும் பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பு உண்டு. கூட்டைக் கலைப்பதும் நுழைவழியை அடைப்பதும் குற்றம். 2019 முதல் 2023 வரை அரசின் இயற்கை அமைப்பும் திருச்சபையும் வௌவால் ஆர்வலர்களும் சேர்ந்து, வௌவாலுக்கும் சபைக்கும் இடம் பிரித்துக் கொடுக்கும் வழிகளைப் பல கோயில்களில் செய்து பார்த்தார்கள்.

உழவாரக் குருவி கதை வேறு, அதைக் கூப்பிடுகிறார்கள். மே முதல் வாரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆகஸ்ட் தொடக்கத்தில் போய்விடும் பறவை அது. 2021-இல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. மணிக்கோபுரத்துச் சாய்பலகைகளுக்குப் பின்னால் கூட்டுப்பெட்டி வைத்து, குருவிக் குரலை ஒலிபெருக்கியில் போட்டு அழைப்பார்கள். மாலையில் கோபுரத்திலிருந்து விசில்போல் கேட்டால் ஒலிபெருக்கி பழுதாகவில்லை, அது குருவிகளுக்கான அழைப்பு.

பிள்ளைகளுக்கு நம் விடுமுறை வேதாகமப் பள்ளி மாதிரி ஏதாவது உண்டா?

உண்டு. ஆகஸ்டில் மூன்று முதல் ஐந்து நாள், பெரும்பாலும் காலை வேளைகளில். பாட்டு, கைவேலை, ஒரு வேதக்கதை, பிஸ்கட். நம் ஊர்ப் பத்து நாள் பள்ளியின் பவனியும் நிறைவுநாள் மேடையும் இருக்காது. பல பங்குகளில் மாதம் ஒருமுறை பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பசையும் வண்ணமுமாக உட்காரும் கூடுகையும் உண்டு.

உதவிக்கு வருகிறேன் என்றேன், அதற்கு ஏன் இத்தனை படிவம்?

கேட்கத்தான் வேண்டும். கோபப்படாமல் நிரப்பிக் கொடுங்கள். டி.பி.எஸ். காவல் சரிபார்ப்பு, இரண்டு நற்சான்று, இணையவழிப் பயிற்சி இல்லாமல் பிள்ளைகளோடு வேலை செய்ய விட மாட்டார்கள். தொண்டர்களுக்கு டி.பி.எஸ். கட்டணம் இல்லை. இத்தனை கண்டிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. கிறிஸ்தவக் கோடை முகாம்களில் பொறுப்பிலிருந்த ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர் பல பத்தாண்டுகளாகச் சிறுவர்களைக் கொடூரமாக அடித்து வதைத்ததும், திருச்சபை அதில் தவறியதும் ஒரு விசாரணை அறிக்கையில் வெளியானது. 2024 நவம்பரில் கேன்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவிக்க நேர்ந்தது அதனால்தான். ‘ஐயர் வீட்டுப் பிள்ளை, தெரிந்த குடும்பம்’ என்று நாம் விட்டுவிடும் இடத்தில் இவர்கள் இப்போது விடுவதில்லை. நம் சபைகளும் இதைக் கற்றுக்கொண்டால் நல்லது.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள். கோடையில் பார்க்கத்தக்க கோயில் விழாக்கள்?

டெர்பிஷயரின் டிஸ்ஸிங்டன் கிராமத்தில், இயேசு விண்ணேறியதை நினைவுகூரும் பரமேறுதல் நாளையொட்டிக் கிணறுகளை அலங்கரிப்பார்கள். ஈரக் களிமண் பரப்பிய பலகையில் இதழ் இதழாகப் பதித்து வேதக் காட்சிகளை வரைவார்கள். கோலம் போடத் தெரிந்த அம்மாக்கள் அங்கிருந்து நகர மாட்டார்கள். ஏரி மாவட்டத்துக் கிராஸ்மியரில் ஜூலையில் கோரைப்புல் சுமக்கும் பவனி. கோயில் தரை மண்ணாக இருந்த காலத்தில் கோரை பரப்பியதன் மிச்சம். ஆறு சிறுமியர் ஒரு லினன் துணியில் கோரையை ஏந்தி வருவார்கள், பிள்ளைகளுக்கு இஞ்சி ரொட்டி கிடைக்கும். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லறையும் அங்கேதான். கென்ட் கடற்கரை விட்ஸ்டபிளில் ஜூலைக் கடைசியில், யாக்கோபு திருநாளையொட்டிக் கடலை ஆசீர்வதிப்பார்கள். ஆக்ஸ்போர்டின் வடவாசல் மிக்கேல் கோயிலில் பரமேறுதல் நாளன்று பங்கின் எல்லைக்கற்களை மெல்லிய கோல்களால் அடித்துக்கொண்டே சுற்றி வருவார்கள். கல் ஒரு கடைக்குள் இருந்தால் கடைக்குள் புகுந்து அடிப்பார்கள்.

இளசுகளுக்கு இன்னொன்று: ஆராதனை நின்றுபோன 350-க்கு மேற்பட்ட கோயில்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை 2014 முதல் சிலவற்றை இரவு தங்கக் கொடுக்கிறது. ‘சாம்பிங்’ என்பார்கள். கட்டில் உண்டு, சூடேற்றி கிடையாது. அப்பாவை அழைத்துப் போகாதீர்கள்.

தட்டில் போடும் காசு எங்கே போகிறது? அரசு பணம் கொடுக்கிறதா?

அரசு குருமாருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பங்கும் திருமண்டலத்துக்கு ஒரு தொகை அனுப்புகிறது, குருமாருக்கான படித்தொகையில் பெரும்பகுதி அதிலிருந்து வருகிறது. மிச்சத்தில்தான் மின்சாரம், காப்புறுதி, கூரை எல்லாம். நீங்கள் வரி கட்டுபவராக இருந்தால் கிஃப்ட் எய்ட் உறையில் போடுங்கள், ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் கோயிலுக்கு அரசிடமிருந்து திரும்பி வரும். வரி கட்டாத விருந்தினர் அந்த உறையில் கையெழுத்துப் போடக் கூடாது. அவர்கள் ரொக்கமாகத் தட்டில் போட்டாலோ அட்டையைக் கருவியில் தொட்டாலோ போதும். 30 பவுண்டுக்கு உட்பட்ட அத்தகைய சிறு காணிக்கைகளுக்கும், ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை, வேறொரு திட்டத்தில் அதே 25 பென்ஸ் கிடைக்கிறது.

அறுப்பின் பண்டிகை எப்போது? ஏலம் உண்டா?

செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். ஆகஸ்ட் 1 அன்று புதுக் கோதுமை ரொட்டியைப் பீடத்தில் வைக்கும் லம்மாஸ் பழையது, இப்போது சில கோயில்களில் மட்டும். இன்றைய வடிவிலான அறுப்பின் பண்டிகையைக் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோவில் குருவானவர் ராபர்ட் ஹாக்கர் 1843-இல் தொடங்கிவைத்தார். அங்கிருந்துதான் அது மற்ற ஊர்களுக்குப் பரவியது.

நம் ஊரில் ஒரு முட்டை நூறு ரூபாய்க்கும் ஒரு வாழைத்தார் ஆயிரத்துக்கும் போகும் ஏலம் இங்கே பொதுவாக இல்லை. சில கிராமங்களில் இரவு விருந்தோடு காய்கறி ஏலம் விடுவதுண்டு, ஆனால் யாரும் பக்கத்து வீட்டுக்காரரை மிஞ்சக் குரல் உயர்த்துவதில்லை. பெரும்பாலான இடங்களில் கொண்டுவந்ததெல்லாம் உணவு வங்கிக்குப் போகிறது. அதனால் கீரையும் பூசணியும் காட்சிக்கு ஒன்றிரண்டு போதும், தகர டப்பாவும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொண்டு வாருங்கள். தேதி முடிந்ததைக் கொடுக்காதீர்கள். அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுப்பவர்கள் அடியில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள்.